சாம்பலும் பீங்கானும்: ஒரு கழிவுப்பொருளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதி முடித்த இறுதி நாவலான ‘எங்கள் பொது நண்பன்’ 1864ஆம் ஆண்டு மே மாதந் தொடக்கம் 1865ஆம் ஆண்டு நவம்பர் வரை இலண்டனில் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் கதையோட்டத்தை நடத்திச் செல்லும் பெருஞ்செல்வம் நிலவுடைமையிலிருந்தோ ஆலையிலிருந்தோ பெறப்பட்டதன்று. ஹார்மன் என்னும் உலோபி குவித்து வைத்த குப்பைமேடுகளிலிருந்து பெறப்பட்டது. அச்செல்வம் சென்று சேரும் பொஃபின் என்னும் எழுத்தறிவற்ற பணியாளனை ஊரார் ‘பொற்குப்பைக்காரன்’ என அழைக்கின்றனர். இம்மேடுகளைப் பணத்தின் குறியீடாகவும், அழுகிவரும் ஒரு சமுதாயத்தின் குறியீடாகவும் விளக்கிய திறனாய்வாளர் பலர். அவ்விளக்கங்கள் தவறானவையல்ல. ஆயின், அம்மேடுகள் குறியீடாவதற்கு முன்னர் பண்டமாக இருந்தன என்பதை அவை பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. ‘தூசி’ என்று அக்கால இலண்டன்வாசிகள் வழங்கிய அப்பொருளில் ஆகப் பெரும் பகுதி, வீட்டு அடுப்புகளில் எரிந்து தீர்ந்த நிலக்கரியின் சாம்பலேயாகும்.

இச்சாம்பலின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் தொடர முற்படுகின்றோம். நிலக்கரியின் சாம்பலிலிருந்து வெப்பந்தாங்கும் பீங்கான்களையும் பளிங்காக்கப்பட்ட கண்ணாடிகளையும் ஆக்கலாம் என்பது இன்று ஆய்வுகூடங்களில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. இதனை ‘கழிவிலிருந்து செல்வம்’ எனப் புகழ்ந்துரைப்பாரும் உளர். ஒரு பொருளைக் கழிவு என்றும் செல்வம் என்றும் தீர்மானிப்பது யாது என்ற வினாவையோ அவர்கள் எழுப்புவதில்லை. எமது துறை இலக்கியமாயினும், இவ்வினா இரசாயனவியலாரிடம் மட்டும் விட்டுவிடத்தக்கதன்று எனக் கருதுகின்றோம்.

டிக்கன்ஸ் கற்பனையாகத் தந்ததை ஹென்றி மேஹியூ நேரில் கண்டு எழுதினார். இலண்டன் உழைப்பாளரையும் வறியோரையும் பற்றி அவர் 1851ஆம் ஆண்டளவில் வெளியிட்ட பதிவுகளில் தூசிமுற்றங்கள் விரிவாக இடம்பெறுகின்றன. வண்டிகள் கொண்டுவந்து கொட்டும் குவியலின் நடுவே பெண்கள் இடுப்பளவு புதைந்து நின்று இரும்பு அரிதட்டினால் நாள் முழுவதும் அரிப்பர். கந்தல் கடதாசி ஆலைக்குச் செல்லும். எலும்பு, பழைய இரும்பு, தேய்ந்த சப்பாத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளன் உளன். எஞ்சுவது சாம்பல். அதில் நுண்ணியது வேறாகவும், முழுதும் எரியாத கரித்துண்டுகள் வேறாகவும் பிரிக்கப்பட்டன. இரண்டுமே செங்கற் சூளைகளுக்குச் சென்றன. நுண்சாம்பலைக் களிமண்ணோடு குழைத்தனர். கரித்துண்டுகளைச் சூளையில் எரித்தனர். களிமண்ணுட் சென்ற சாம்பலில் எஞ்சியிருந்த கரி, சுடும்போது கல்லின் உள்ளேயே எரிந்து அதனை உள்ளிருந்து வேகவைத்தது. எரிபொருட் செலவு குறைந்தது. இலண்டனின் பழைய வீட்டு வரிசைகளில் இன்றும் காணப்படும் மஞ்சள்நிறச் செங்கற்கள் இவ்வாறு உருவானவை. அந்நகரின் அடுப்புச் சாம்பல் அந்நகரின் சுவராயிற்று எனலாம். இன்றைய ஆய்வேடுகள் புதுமையென எடுத்துரைக்கும் சாம்பற் செங்கல்லுக்கு இவ்வளவு நீண்ட முன்வரலாறு உண்டு.

டிக்கன்சின் நாவல் வெளிவந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அதே நகரில், கார்ல் மார்க்ஸ் பின்னர் ‘மூலதனம்’ மூன்றாம் பாகமாக வெளிவரவிருந்த கையெழுத்துப்படியை எழுதிக்கொண்டிருந்தார். ஏங்கெல்ஸ் அதனைப் பதிப்பித்து வெளியிட்டது 1894இல். அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்துதல் பற்றி ஒரு சிறு பகுதியுண்டு. கழிவு மீண்டும் உற்பத்திக்குட் புகுவதற்கு மூன்று நிபந்தனைகளை அவர் அங்கு குறிப்பிடுகின்றார். கழிவு பெருந்தொகையில் ஓரிடத்திற் சேர வேண்டும். முன்பு பயன்படாதிருந்த வடிவிலேயே அதனைக் கையாளத்தக்க இயந்திரங்கள் வேண்டும். அதன் பயன்தரு பண்புகளைக் கண்டுகாட்டும் விஞ்ஞானம், சிறப்பாக இரசாயனவியல், வளர்ந்திருக்க வேண்டும். கம்பளிக் கந்தலும் பட்டுக் கழிவும் அவர் தரும் எடுத்துக்காட்டுகள். அவற்றோடு நிலக்கரித் தாரும் இடம்பெறுகின்றது.

இப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் மார்க்சை இன்றைய மீள்சுழற்சியின் முன்னோடியாகக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். அப்பகுதி எந்த அத்தியாயத்தில் அமைந்துள்ளது என்பதே எமக்கு முதன்மையானது. முதலாளி தனது மாறா மூலதனத்தை எவ்வாறெல்லாம் மிச்சப்படுத்துகிறான் என்பதே அவ்வத்தியாயத்தின் பொருள். கழிவைப் பயன்படுத்துதல் அத்தகைய மிச்சங்களுள் ஒன்று. சில பக்கங்களுக்கு முன்னர் அதே அத்தியாயத்தில் வேறொரு மிச்சம் விவரிக்கப்படுகின்றது: நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றோட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் செய்யவேண்டிய செலவைச் செய்யாது விட்டு, தொழிலாளரின் உயிரைக் கொண்டு அச்செலவை ஈடுசெய்தல். கந்தலை வீணாக்காத அதே உற்பத்திமுறைதான் மனிதரை வீணாக்குகின்றது. இவ்விரண்டையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாக மார்க்ஸ் வைத்தமையை மனங்கொண்டே நாம் சாம்பலின் பிற்கால வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இலண்டன் தூசி யாருக்குச் சொந்தமானது? வினா நகைப்புக்கிடமானதாகத் தோன்றலாம். ஆனால் அது நீதிமன்றம் வரை சென்ற வினா. ஒவ்வொரு பங்கினதும் தூசியை அள்ளிச் செல்லும் தனியுரிமை ஒப்பந்தகாரருக்கு வழங்கப்பட்டது. கட்டட வேலைகள் பெருகிச் செங்கல்லுக்குக் கிராக்கி ஏறிய காலத்தில், அவ்வுரிமையைப் பெறுவதற்கு ஒப்பந்தகாரரே பங்குகளுக்குப் பணம் செலுத்தினர். உரிமம் பெறாது வீடு வீடாகச் சென்று சாம்பலைக் கொண்டு செல்வோர் ‘பறக்கும் தூசிகாரர்’ எனப்பட்டனர். அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் சாம்பலின் விலை வீழ்ந்தது. வீழ்ந்ததும் ஏற்பாடு தலைகீழாயிற்று. தூசியை அகற்றுவதற்காகப் பங்குகள் ஒப்பந்தகாரருக்குப் பணம் கொடுக்க நேர்ந்தது. சாம்பலின் இரசாயனச் சேர்க்கையில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. விலையிருந்த வரை அதனை எடுத்தவன் கள்வன். விலையற்றதும் அது எவரும் ஏற்க விரும்பாத சுமை.

மார்க்சின் பொருளாதாரச் சிந்தனை எங்கு தொடங்கியது என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. 1842ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘றைன்லாந்துச் செய்தித்தாளில்’ அவர் எழுதிய கட்டுரைத்தொடர் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பற்றியது. வறியோர் மரபுரிமையாகப் பொறுக்கி வந்த விறகைச் சட்டம் அப்பொழுது திருட்டாக்க முனைந்தது. சுள்ளியின் கதையும் சாம்பலின் கதையும் ஒன்றே.

இவ்விடத்தில் எமது மொழியின் வழக்கொன்றைக் குறிப்பிடத் தோன்றுகின்றது. ‘கழிவு’ என்னும் சொல்லை நாம் எச்சப்பொருளுக்கும் வழங்குகின்றோம். கடைக்காரர் விலையிற் குறைத்துத் தரும் தொகைக்கும் வழங்குகின்றோம். அனல் மின்நிலையச் சாம்பல் இரு பொருளிலும் கழிவே. மின்சாரத்தின் அடக்கவிலையிலிருந்து கழிக்கப்பட்டு, அயலில் வாழ்வோரின் கணக்கிலே பற்று வைக்கப்படுவது அது.

கழிவு செல்வமானமைக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நிலக்கரித் தார். 1856இல் வில்லியம் பேர்கின் அதிலிருந்து பெற்ற ஊதாச் சாயம் ஒரு பெருங் கைத்தொழிலுக்கு வித்திட்டது. ஜேர்மனிய இரசாயனக் கைத்தொழிலின் எழுச்சி சாயங்களோடு பிணைந்தது. 1895இல் லூட்விக் றேன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் பிராங்போர்ட் நகரில் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டறிந்து அறிவித்தார். கழிவின் நச்சு முன்னர் ஆற்றிற் கலந்தது. செல்வமானபின் தொழிலாளியின் உடலிற் கலந்தது. கழிவு பண்டமாவதாலேயே அதன் தீங்கு அற்றுப்போவதில்லை என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று.

இலண்டன் அடுப்புச் சாம்பலுக்கும் இன்றைய மின்நிலையச் சாம்பலுக்கும் இடையே பண்புரீதியான வேறுபாடு ஒன்று உண்டு. அடுப்பிலே நிலக்கரி கட்டியாக எரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதனை மாவாக அரைத்துக் காற்றோடு கொதிகலனுட் செலுத்தி எரிக்கும் முறை வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1921இல் இயங்கத் தொடங்கிய லேக்சைட் மின்நிலையம் முழுவதும் இம்முறைக்கெனவே அமைக்கப்பட்டது. இதன் விளைவை விளங்கிக்கொள்வதற்கு நிலக்கரி யாதென்பதை நினைவுகூர்தல் வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் சதுப்பு நிலங்களிற் புதையுண்ட தாவரமே நிலக்கரி. தாவரத்தோடு சேற்றுக் களிமண்ணும் மணலும் உடன் புதைந்தன. காபன் எரிந்து போக எஞ்சுவது அக்களிமண். 1,400 பாகை செல்சியசையும் கடந்த சுவாலையில் அம்மண்துகள் பறந்துகொண்டிருக்கும்போதே உருகுகின்றது. உருகிய துளி உருண்டையாகித் திடீரெனக் குளிர்ந்து கண்ணாடிக் குறுமணியாகின்றது. புகைபோக்கியை நோக்கிச் செல்லும் வாயுவோடு பறந்து செல்வதால் இதற்குப் பறக்கும் சாம்பல் என்று பெயர். சில குறுமணிகள் உள்ளீடற்றவை. சாம்பற் குளங்களில் அவை மிதக்கும். வெப்பக் காப்புக்கும் பாரங்குறைந்த பொருள்களுக்கும் அவற்றைத் திரட்டி நல்ல விலைக்கு விற்கின்றனர்.

ஆக, அனல் மின்நிலையம் தானறியாத ஒரு குயவனின் சூளை. அதன் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். உடன் இரும்பொட்சைட்டு, கல்சியம், மகனீசியம் முதலியவை. குயவன் தன் சக்கரத்தில் வைக்கும் களிமண்ணின் அடிப்படைச் சேர்க்கையும் இதுவே. பீங்கான் செய்வோன் பெரும் எரிபொருட் செலவிற் செய்யும் வேலையின் ஒரு பகுதியை மின்நிலையம் ஏற்கெனவே செய்து முடித்துவிடுகின்றது.

இச்சாம்பல் புகைபோக்கியின் வழியே ஊரின் மீது பொழிவதைத் தடுக்க மின்நிலையியற் படிவிப்பான்கள் உதவின. அதற்கான காப்புரிமையை பிரெடெரிக் கொட்ரெல் 1908இற் பெற்றார். மார்க்சின் முதல் நிபந்தனை இவ்வாறு நிறைவேறிற்று. காற்றிற் கலைந்து போனது ஓரிடத்தில் மலையாகச் சேர்ந்தது. 1937இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றேமண்ட் டேவிசும் உடனாய்வாளரும் பறக்கும் சாம்பல் கலந்த கொங்கிறீட்டின் பண்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து அது இறுகுவதை அவ்வாய்வு காட்டிற்று. எரிமலைச் சாம்பலைக் கொண்டு துறைமுகங்களைக் கட்டிய உரோமர் கையாண்டதும் இதே பண்பையே. 1948 தொடக்கம் 1953 வரை மொன்டானா மாநிலத்திற் கட்டப்பட்ட ஹங்கிறி ஹோர்ஸ் அணைக்கட்டில் ஓரிலட்சம் தொன்னுக்கும் அதிகமான பறக்கும் சாம்பல் பயன்பட்டது. அதன்பின் சீமெந்தே சாம்பலின் முதன்மையான போக்கிடமாயிற்று. இன்றும் அவ்வாறே உள்ளது.

பீங்கானின் கதை இதனிலும் சுவையானது. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் மல் என்றொரு தீவு உண்டு. அங்கு எரிமலைக் குழம்பு களிமண் படிவுகளைத் தீண்டிச் சுட்ட இடங்களில் ஊசிவடிவப் பளிங்குகளைப் புவிச்சரிதவியலாளர் கண்டனர். நோர்மன் போவன், ஜே. டபிள்யூ. கிரெய்க் ஆகியோர் அலுமினாவும் சிலிக்காவும் சேரும் முறையை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டபோது, மூன்று பங்கு அலுமினாவும் இரண்டு பங்கு சிலிக்காவும் சேர்ந்த இச்சேர்வை தனியான பொருளென உறுதிப்பட்டது. தீவின் பெயரால் அது முல்லைற்று எனப் பெயர் பெற்றது. பெயர்தான் 1924க்குரியது. சீனக் குயவரின் பீங்கானுக்கு உறுதியளித்த ஊசிப் பளிங்கும் முல்லைற்றே. பெயரறியாத அவ்வுழைப்பாளர் ஆயிரமாண்டுக்கும் மேலாகத் தம் சூளைகளில் அதனை ஆக்கிக்கொண்டிருந்தனர். வர்க்க சமுதாயத்தில் கைவினை அறிவுக்கும் நூலறிவுக்கும் இடையே விழுந்த பிளவு இத்தகைய சிறு செய்திகளிலேயே தெளிவாகத் தெரிகின்றது.

முல்லைற்று 1,800 பாகையையும் தாண்டியே உருகும், சூடேறினும் அதிகம் விரிவதில்லை, அமிலங்களைத் தாங்கும். உருக்குலைகளின் உள்வரிக் கற்களும் உயர்வெப்பக் குழாய்களும் அதனாற் செய்யப்படுகின்றன. பறக்கும் சாம்பலில் முல்லைற்றுப் பளிங்குகள் ஏற்கெனவே சிறு அளவில் உள்ளன. நிறைவான முல்லைற்றுக்கு எடையில் ஏறத்தாழ 72 வீதம் அலுமினா வேண்டும். சாம்பலிலோ பொதுவாக 20 தொடக்கம் 30 வீதமே உண்டு. எனவே சாம்பலைத் தூய்மையாக்கி, அலுமினாவோ போட்சைற்றோ சேர்த்து அரைத்து, அழுத்தி உருவமைத்து, மீண்டும் சுடுகின்றனர். மகனீசியத் தாதைச் சேர்த்துச் சுட்டால் கோடியரைற்று பிறக்கும். மோட்டார் வாகனங்களின் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூட்டுத் தாங்கிகள் அப்பொருளாலானவை. சாம்பலை முற்றாக உருக்கிக் கண்ணாடியாக்கி, அளவறிந்து மீளச் சூடாக்கி அதனுட் பளிங்குகளை வளர்ப்பது மற்றொரு வழி. பளிங்காக்கப்பட்ட கண்ணாடி என்னும் இவ்வகைப் பொருளைக் கோர்னிங் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்ரூக்கி 1953இல் உலையின் வெப்பம் தற்செயலாக மிகுந்துவிட்டபோது கண்டுகொண்டார்.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கண்டுபிடிப்பு சமையற் பாத்திரமாகச் சந்தைக்கு வந்தது. சோவியத்து ஒன்றியத்தில் ஐ. ஐ. கித்தாய்கொரோத்ஸ்கி தலைமையிலான ஆய்வாளர் அதே தத்துவத்தை இரும்பு உலைக் கசடுக்குப் பயன்படுத்தினர். 1960களில் டொனெற்ஸ்க் பிரதேசத்துக் கொன்ஸ்தாந்தினோவ்கா நகரின் கண்ணாடி ஆலையில், கசடிலிருந்து உறுதிவாய்ந்த தகடுகள் பெருந்தொகையில் உற்பத்தி செய்யப்பட்டன. தொழிற்சாலைத் தளங்களுக்கும் கட்டடச் சுவர்களுக்கும் அவை பயன்பட்டன. போலந்தில் போட்சைற்று இல்லை. அங்கு யேர்சி கிஷிமெக் களிமண்ணையும் சாம்பலையும் சுண்ணாம்போடு சுட்டு அலுமினாவைப் பிரிக்கும் முறையொன்றை 1950களில் வளர்த்தெடுத்தார். எஞ்சியது சீமெந்துக்குச் சென்றது. அண்மைக் காலத்தில் சீனத்தின் உள் மொங்கோலியாவில் அலுமினா 40 வீதத்துக்கும் மேற்பட்ட சாம்பலிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் ஆலை அமைக்கப்பட்டமையும் இவ்வழியில் வந்ததே.

இவற்றைக் காட்டி, திட்டமிட்ட பொருளாதாரம் கழிவுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது எனக் கூற நாம் முன்வரவில்லை. டொன்பாசின் கசடுமலைகளும் ஆற்று நீரின் நிலையும் அக்கூற்றை மறுக்கும். இங்கு நாம் சுட்ட விரும்புவது வேறு. எந்தக் கழிவு எந்தப் பொருளாகும் என்பதை இரசாயனவியல் தனித்து முடிவு செய்வதில்லை. போட்சைற்று இன்மையும், அதனைப் பிறநாட்டிலிருந்து வாங்குவதற்கான அந்நியச் செலாவணி இன்மையும் போலந்தின் சாம்பலை அலுமினாத் தாதாக்கின. போட்சைற்று மலிவாகக் கிடைத்த நாடுகளில் அதே சாம்பல் குளத்திற்குச் சென்றது.

அவ்வாறாயின் உயர்நுட்பப் பீங்கான் ஏன் பெரும்பாலும் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவில்லை? தொழில்நுட்பக் காரணங்கள் உண்மையாகவே உள்ளன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. சாம்பலின் சேர்க்கை நிலக்கரிக்கு நிலக்கரி மாறும். ஒரே உலையில் நாளுக்கு நாளும் மாறும். பீங்கானுக்கோ மாறாச் சேர்க்கை வேண்டும். இரும்பொட்சைட்டு நிறத்தைக் கெடுத்து உருகுநிலையைத் தாழ்த்தும். எரியாத காபன் சுடும்போது துளைகளை விட்டுச் செல்லும். இவற்றை நீக்கும் செலவோடு ஒப்பிட்டால் நிலத்திலிருந்து வெட்டியெடுத்த தூய களிமண் மலிவானது. இரண்டாவது தடை தொகையைப் பற்றியது. இந்திய மத்திய மின்சார அதிகாரசபையின் கணக்குப்படி அந்நாட்டு அனல் மின்நிலையங்கள் 2021-22இல் வெளியேற்றிய சாம்பல் சுமார் 27 கோடி தொன். உலகிலுள்ள உயர்நுட்பப் பீங்கான் ஆலைகள் யாவும் சாம்பலை மட்டுமே மூலப்பொருளாகக் கொண்டாலும் இம்மலையில் ஒரு மூலைகூடக் குறையாது. செங்கல், சீமெந்து, வீதி, கைவிடப்பட்ட சுரங்கத்தை நிரப்புதல் ஆகிய எளிய பயன்களே இத்தொகையை உள்வாங்கவல்லவை. சாம்பலிலிருந்து பீங்கான் என்பது நல்ல விஞ்ஞானம். ஆனால் நிலக்கரியை மேலும் எரிப்பதற்குச் சொல்லப்படும் நியாயமாக அது மாறும்போது கருத்துநிலை சார்ந்த ஒரு சேவையையே செய்கின்றது.

மூன்றாவது காரணமே எமது நோக்கில் முதன்மையானது. மேற்சொன்ன செலவுக் கணக்கில் சாம்பற் குளம் மிக மலிவானதாகத் தோன்றுகின்றது. மலிவு எங்கிருந்து வருகின்றது? 2008ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில், கிங்ஸ்ரன் மின்நிலையத்தின் சாம்பற் குள அணை உடைந்து ஏறத்தாழ 41 இலட்சம் கனமீற்றர் சாம்பற்சேறு ஆற்றிலும் வீடுகளிலும் பாய்ந்தது. துப்புரவுப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர் பலர் பின்னர் நோயுற்று வழக்குத் தொடுத்தனர். அவர்களைப் பாதுகாக்கும் கடமையில் ஒப்பந்த நிறுவனம் தவறியது என 2018இல் யூரர்கள் தீர்ப்பளித்தனர். 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்குரோலி மாவட்டத்தில் மற்றொரு குளம் உடைந்து, சிறுவர் உட்பட ஆறு பேர் மாண்டனர். சென்னைக்கு வடக்கே எண்ணூரில், சாம்பற்சேற்றைக் கொண்டு செல்லும் குழாய்களின் கசிவு கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்தமைக்கெதிராக மீனவர் பல்லாண்டு போராடி வந்துள்ளனர். இவர்களின் இழப்பு குளத்தின் விலையிற் சேர்க்கப்பட்டிருந்தால் பீங்கானுக்கும் செங்கல்லுக்கும் எதிரான கணக்கு வேறாக அமைந்திருக்கும்.

இந்தியாவில் 1999 செப்டெம்பரில் வெளியான அரசாங்க அறிவித்தல் இத்தொடர்பில் ஊன்றி ஆராயத்தக்கது. மின்நிலையங்களுக்கு 50 கிலோமீற்றர் சுற்றளவினுள் செங்கல் செய்வோர் களிமண்ணோடு சாம்பலைக் கலத்தல் வேண்டுமென்றும், மின்நிலையங்கள் பத்தாண்டுகளுக்கேனும் சாம்பலை இலவசமாக வழங்குதல் வேண்டுமென்றும் அது விதித்தது. வளமான மேல்மண்ணைச் சூளைகளிலிருந்து காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சிறு செங்கற்காரருக்கு அக்காலத்தில் சாம்பல் கிடைத்தது. பின்னர் சீமெந்துக் கைத்தொழில் பெருகி, உலர்சாம்பலுக்கு விலை ஏற்பட்டது. 2009 நவம்பரில் அறிவித்தல் திருத்தப்பட்டது. மின்நிலையங்கள் சாம்பலை விற்கலாம், உலர்சாம்பலில் 20 வீதத்தைச் செங்கற்காரர் முதலியோருக்கு இலவசமாக ஒதுக்கினாற் போதும் என்றாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் பங்குகளில் நிகழ்ந்த அதே திருப்பம், எதிர்த்திசையில். விலையற்றிருந்தபோது சாம்பல் எல்லோர் மீதும் விழுந்தது. விலை பெற்றதும் அதற்கு உடைமையாளன் வந்தான். விலைபெறாத ஈரச்சாம்பலும் அடிச்சாம்பலும் குளத்திலேயே தங்கின.

சாம்பல் பீங்கானாகும் ஆலைகள் பெருகுமாயின் அவற்றுள் உழைப்போரின் நிலை என்னவாகும் என்பதையும் இப்பொழுதே கேட்டல் தகும். சாம்பலில் பளிங்குருவான சிலிக்கா உண்டு. உலர்நிலையில் அரைக்கும்போது அதன் நுண்தூசி நுரையீரலிற் படியும். ஸ்ரபோர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலாளரும் சிறுவரும் மூச்சுநோயால் குறுகிய வயதில் மடிந்தமையை 1863ஆம் ஆண்டின் சிறுவர் தொழில் விசாரணை அறிக்கை பதிவு செய்தது; மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் அதனை எடுத்தாண்டார். மூலப்பொருள் புதியதென்பதால் நோய் பழையதாகிவிடாது.

எமது நாட்டில் இவ்வினாக்கள் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் உருப்பெறுகின்றன. லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011இலும் மூன்றாவது அலகு 2014இலும் சேவையிற் சேர்ந்தன. மொத்த ஆற்றல் 900 மெகாவாற். நிலக்கரி முழுவதும் கடல் கடந்து வருகின்றது. சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகின்றது. பறக்கும் சாம்பலைச் சீமெந்து நிறுவனங்கள் விலைகொடுத்துக் கொண்டு செல்கின்றன. காற்றிலே கிளம்பும் தூசி பற்றி, கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் மரக்கறிச் செய்கையில் ஈடுபடுவோரும் கரைவலை மீனவரும் முறையிட்டு வந்துள்ளனர். தமிழும் சிங்களமும் பேசும் மக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், பௌத்தர் யாவரும் அவர்களுள் அடங்குவர். இன அடிப்படையில் எழுதப்படும் எமது பிரதேச வரலாறுகளில் இவர்களது பொதுத் துன்பத்துக்கு இடம் அரிதாகவே கிடைக்கின்றது.

பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் வெண்களி உண்டு. பீங்கான் தொழிலில் தேர்ந்த கைகளும் இந்நாட்டில் உண்டு. நுரைச்சோலைச் சாம்பலைக் கொண்டு ஓடும் செங்கல்லும் பீங்கானும் செய்யும் ஆய்வுகளை எமது பொறியியற் பீடங்கள் மேற்கொள்வது வரவேற்கத்தக்கது. அதன் அருகிலேயே மேஹியூ தூசிமுற்றத்திற் செய்த வேலையும் நடைபெறுதல் வேண்டும். அரிதட்டேந்திய பெண்களிடம் அவர் கேட்ட வினாக்கள் எளியவை. நாளொன்றுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், இருமல் எப்பொழுதிலிருந்து, குப்பையிற் கிடைத்த எதை யார் எடுத்துக்கொள்வது. கற்பிட்டியின் வெங்காயப் பாத்திகளிலும் வாடிகளிலும் அதே வினாக்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு எழுதத்தக்க மாணவர் எமது சங்கத்தில் உள்ளனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சென்றால் வேண்டிய விடைகள் கிடைக்கும்.